எண்ணிக்கையில் எழும் வீடுகள்

புள்ளிவிபரம் என்றாலே பொய் என்று கூறி ஒதுங்கிவிடுவது கலைப்பீட மாணவர் சிலரிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. அரசாங்கம் வெளியிடும் எண் எதுவாயினும் அது ஆளுவோரின் நலன் கருதிச் சமைக்கப்பட்டது என்று ஒரு வார்த்தையிற் சொல்லிவிட்டால், அதற்குமேல் எதையும் வாசிக்க வேண்டிய அவசியம் இல்லாது போய்விடுகின்றது. இவர்களுக்கு நேரெதிரானவர் போலத் தோன்றும் மற்றொரு சாரார், ஆண்டறிக்கையிற் கண்ட எண்ணை அப்படியே விடைத்தாளில் எழுதிவிட்டு நிம்மதி அடைகின்றனர். உண்மையில் இவ்விரு சாராரும் இழைப்பது ஒரே தவறுதான். அந்த எண் யாரால், எங்கே, எந்தக் கட்டத்தில், எதைக் கண்ணாற் கண்டு எழுதப்பட்டது என்று இருவருமே கேட்பதில்லை. இவ்வசிரத்தையினால் ஆட்சியாளர் அடைந்துள்ள இலாபம் கொஞ்சநஞ்சமன்று. புதிய வீடுகள் பற்றிய புள்ளிவிபரங்களை உற்றுநோக்குவோர்க்கு அது தெளிவாகப் புலப்படும்.

நெல்லை அளக்கலாம், தேயிலையை நிறுக்கலாம், பிறப்பையும் இறப்பையும் ஒரு திகதியின்கீழ்ப் பதியலாம். வீட்டுக்கு அவ்வாறான ஒரு திகதி இல்லை. யாழ்ப்பாணத்து வழக்கிலே நிலையம் எடுப்பது ஒரு நாள், அத்திவாரம் வெட்டுவது ஒரு நாள், நிலை வைப்பது ஒரு நாள், கூரை போடுவது ஒரு நாள், குடிபூருவது இன்னொரு நாள். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே ஆறு மாதம் செல்லலாம். கடன் முடங்கினால், அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் பணம் நின்றால், பதினைந்து வருடமும் செல்லலாம். ஓர் அறைக்கும் குசினிக்கும் மட்டும் கூரை போட்டுக் குடிபுகுந்து, பூசாத சுவருக்குள்ளே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய குடும்பங்கள் இந்நாட்டில் ஏராளம். இந்நாட்களுள் எந்த நாளில் 'வீடு ஒன்று' என்று பதிவேட்டில் எழுதுவது? இக்கேள்விக்கு அளிக்கப்படும் விடையே வீடமைப்புப் புள்ளிவிபரத்தின் உயிர்நாடி. இலங்கையிலோ ஒவ்வோர் அலுவலகமும் தனது கடமை எங்கே முடிகின்றதோ அங்கேயே வீட்டையும் முடித்துவிடுகின்றது. மறுபடி சென்று பார்ப்பது எவருடைய கடமையும் அன்று.

முதலில் உள்ளூராட்சி மன்றங்களை நோக்கலாம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், அதன் பின்னர் வந்த 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் கட்டடத்துக்கு இரண்டு கடதாசிகளை வேண்டி நிற்கின்றன. ஒன்று, கட்டத் தொடங்குமுன் பெறும் அனுமதி. மற்றது, கட்டி முடித்துக் குடிபுகுமுன் பெறும் இணக்கச் சான்றிதழ். சட்டம் எழுதியவர்கள் வீட்டின் இரு எல்லைகளையும் அறிந்தே எழுதியிருக்கின்றனர். நடைமுறையிலோ முதற் கடதாசிக்கு இருக்கும் மதிப்பு இரண்டாவதற்கு இல்லை. அனுமதி இல்லாமல் வங்கி கடன் கொடாது. ஆகவே 'பிளான் பாஸ்' பண்ணுவதற்கு மக்கள் அலைகின்றனர். வீட்டில் ஏறிக் குடியிருக்கத் தொடங்கிய பிறகு சான்றிதழுக்காக மறுபடியும் பிரதேச சபை வாசலில் நிற்க எத்தனை பேர் விரும்புவர்? விளைவு யாதெனில், ஒழுங்காகத் திரட்டத்தக்கதாக எஞ்சுவது அனுமதிகளின் தொகையே. அனுமதி என்பது ஓர் எண்ணம் மட்டுமே. 2021ஆம் ஆண்டில் அனுமதி பெற்ற ஒருவரின் நிலையைச் சிந்தித்தால் இது விளங்கும். அவ்வாண்டில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற ஐம்பது கிலோ சீமெந்துப் பை 2022இன் பிற்பகுதியில் மூவாயிரத்தைத் தாண்டியது. அனுமதி பதிவேட்டில் இருந்தது. வளவில் புல் முளைத்தது.

மறுபுறத்தில், அனுமதி எடுக்காமலே எழும்பும் வீடுகளும் உண்டு. கிராமப்புறத்திலே ஊர் மேசனைப் பிடித்து, உறவினரின் உழைப்போடு, கையில் காசு வரும்போது நாலு வரி கல்லை வைத்துக் கட்டும் வீடு எந்தக் கட்டுமான நிறுவனத்தின் கணக்கிலும் வாராது. நிறுவனங்களைக் கேட்டு எடுக்கப்படும் கணிப்புக்கு அது அகப்படாது. ஆகவேதான் மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள் கட்டுமானத்துறையின் போக்கை உணர்த்தச் சீமெந்துக் கிடைப்பனவை ஒரு சுட்டியாகக் கையாள்கின்றன. இது பழுதான முறை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் சீமெந்து பாலத்துக்கும் போகும், மதகுக்கும் போகும், ஆடம்பர மாடிமனைக்கும் போகும். எத்தனை குடும்பங்கள் மழையில் நனையாமற் படுத்தன என்பதை அது சொல்லாது.

அடுத்து, அரசாங்கத்தின் வீடமைப்புத் திட்டங்கள். 1978இல் தொடங்கியது ஓர் இலட்சம் வீடமைப்புத் திட்டம். 1984இல் தொடங்கியது பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம். 1990இல் பதினைந்து இலட்சம். இப்பெயர்களை ஒருமுறை உரத்து வாசித்தாலே ஒரு விசித்திரம் புலனாகும். அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னரே திட்டத்தின் பெயரில் எண் வந்து குடிபுகுந்துவிட்டது. இலக்கு எதுவோ அதுவே பெயர். பெயர் எதுவோ அதுவே சாதனை. அக்காலப் பிரதமரும் வீடமைப்பு அமைச்சருமாகிய ஆர். பிரேமதாச மேற்கொண்ட முயற்சியை இழிவுபடுத்துவது இங்கு நோக்கமன்று. அரசே கட்டிக் கொடுப்பதைவிட, சிறு கடனைக் கொடுத்து மக்கள் தம் வீட்டைத் தாமே கட்டவும் திருத்தவும் உதவுவது மேல் என்ற 1984ஆம் ஆண்டுச் சிந்தனை உலக நாடுகள் பலவற்றின் கவனத்தை ஈர்த்தது. 1987ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாகப் பிரகடனம் செய்தமைக்கும் பிரேமதாசவின் முன்மொழிவே காரணமாயிற்று. பிரச்சினை திட்டத்திலன்று, அதன் கணக்கிலேயே உள்ளது. கூரை மாற்றுவதற்குக் கடன் பெற்ற குடும்பமும், வெறுங்காணியில் புதுவீடு எழுப்பிய குடும்பமும் ஒரே தலைப்பின்கீழ் வந்தன. திருத்தப்பட்ட வீடு புதிய வீடாகுமா? கடன் வழங்கப்பட்ட நாள் வீடு முடிந்த நாளாகுமா? இவற்றைப் பிரித்துக் காட்டாத எண்ணைக் கொண்டு அத்திட்டத்தைப் புகழ்வோரும் சரி இகழ்வோரும் சரி, இருட்டிலே கத்தி வீசுகின்றனர்.

இதே வேலையை வேறு நாடுகள் எவ்வாறு செய்கின்றன என்பதை அறிந்தால், இங்கு எது இல்லை என்பது துலங்கும். ஐக்கிய அமெரிக்காவின் குடிசன மதிப்புப் பணியகம் மாதந்தோறும் புதிய வீடுகளைப் பற்றிய அறிக்கையொன்றை வெளியிடுகின்றது. அங்கும் முதற்படி அனுமதிதான். அனுமதி வழங்கும் மன்றங்கள் அந்நாட்டில் ஏறக்குறைய 20,000 உள்ளன. ஆனால் கணக்கு அனுமதியோடு நின்றுவிடுவதில்லை. இம்மன்றங்களுள் சுமார் 900 மாதிரியாகத் தெரிவு செய்யப்படுகின்றன. அவற்றிற்கு வெளிக்கள உத்தியோகத்தர் சென்று, அனுமதிப் பதிவேட்டிலிருந்து சில அனுமதிகளை மாதிரியாக எடுக்கின்றனர். பின்னர் அவ்வனுமதிக்குரிய கட்டுநரையோ உடைமையாளரையோ திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டு, தொடங்கியாயிற்றா, முடிந்தாயிற்றா என்று வீடு முடியும் வரை விசாரிக்கின்றனர். அனுமதியே தேவைப்படாத சிறுபகுதிகளும் அந்நாட்டில் உண்டு. அங்கே தெரிவு செய்யப்பட்ட நிலப்பரப்புகளில் தெருத்தெருவாக வாகனத்திற் சென்று, புதுக்கட்டடம் எழும்புகின்றதா என்று கண்ணாற் பார்க்கின்றனர்.

வரைவிலக்கணமும் திட்டவட்டமானது. அத்திவாரத்துக்காக மண்ணை வெட்டத் தொடங்கிய நாளே வீடு 'தொடங்கிய' நாள். தனிவீடாயின், நிலத்தளத்தின் இறுதி வேலை முழுவதும் முடிந்த நாளே 'முடிந்த' நாள். அதற்கு முன்னரே எவரேனும் குடிபுகுந்தால் குடிபுகுந்த நாள். மாடிமனைத் தொகுதியாயின், அதன் அலகுகளுள் பாதி குடியிருப்புக்கு ஆயத்தமானதும் முழுத் தொகுதியும் முடிந்ததாகக் கொள்ளப்படும். கடைசியாகக் கூறிய விதியோடு ஒருவர் சண்டை பிடிக்கலாம். சண்டை பிடிப்பதற்கு விதி எழுத்தில் இருக்கின்றது என்பதே ஈண்டு முக்கியம்.

இதனினும் கவனத்துக்குரியது அவ்வறிக்கை தனது வழுவைத் தானே அறிவிக்கும் முறை. மாதிரியெடுத்துப் பெறப்பட்ட எந்த எண்ணிலும் வழு இருக்கும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தின் பக்கத்திலும் அதன் கூட்டல் கழித்தல் எல்லை அச்சிடப்படுகின்றது. ஓர் உதாரணக் கணக்கைக் கொண்டு இதனை விளக்கலாம்: வீட்டுத் தொடக்கங்கள் 5 சதவீதம் கூடின, எல்லை 10 சதவீதம் என்று அறிக்கை கூறுமாயின், உண்மையில் அவை 15 சதவீதம் கூடியும் இருக்கலாம், 5 சதவீதம் குறைந்தும் இருக்கலாம். இத்தகைய எண்ணுக்கு ஓர் உடுக்குறி இட்டு, கூடியதா குறைந்ததா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என அடிக்குறிப்பில் எழுதிவிடுகின்றனர். பின்வரும் இரு மாதங்களிலும் பழைய எண் திருத்தப்படுகின்றது. ஒரு மாதத்து எண்ணை வைத்துப் போக்கைத் தீர்மானிக்க வேண்டாம், அதற்குப் பல மாதங்கள் செல்லும் என்ற எச்சரிக்கையும் உடன் வருகின்றது. இலங்கையின் எந்த வீடமைப்பு விழா மேடையிலாவது, 'இந்த எண்ணில் இவ்வளவு வழு இருக்கலாம்' என்று எவரேனும் கூறியதுண்டா?

அமெரிக்க முறையைத் தலைமேற் தூக்கிவைப்பதற்காக இவை கூறப்படவில்லை. தொழிற்சாலையிற் செய்து கொண்டுவந்து நிறுத்தப்படும் நடமாடும் வீடுகள், அதாவது அந்நாட்டு வறியோர் பலரின் வதிவிடங்கள், அந்த மாதாந்தக் கணக்கில் சேர்வதில்லை. அன்றியும், எண்ணைத் திருத்துவது நேர்மையின் அடையாளம் என்ற எண்ணம் அங்கேயே ஆட்டங்கண்டுவிட்டது. 2025 ஓகஸ்ட் முதலாந் திகதி, முந்திய மாதங்களின் வேலைவாய்ப்பு எண்கள் கீழ்நோக்கித் திருத்தப்பட்ட அதே நாளில், தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகத்தின் ஆணையாளர் எரிக்கா மக்என்டார்பரை ஜனாதிபதி டிரம்ப் பதவியிலிருந்து நீக்கினார். திருத்தத்தைத் தில்லுமுல்லு என்று வாசித்த அந்த ஜனாதிபதிக்கும், புள்ளிவிபரம் எல்லாம் பொய் என்று சிற்றுண்டிச்சாலையிற் பேசும் புரட்சிக்காரருக்கும் இடையே இவ்விடயத்தில் வேறுபாடு காண்பது கடினம்.

சரிபார்த்தலுக்கு மற்றொரு வழி, ஒரே பொருளை இரு கையால் எண்ணுவது. இங்கிலாந்திலே காலாண்டுதோறும் கட்டடக் கட்டுப்பாட்டுப் பதிவுகளிலிருந்து ஒரு கணக்கும், ஆண்டுதோறும் உள்ளூர் மன்றங்களிடமிருந்து இன்னொரு கணக்கும் எடுக்கப்படுகின்றன. 2018-19ஆம் ஆண்டில் முதற் கணக்குக் காட்டிய முடிவுற்ற வீடுகள் சுமார் 170,000. இரண்டாவது காட்டிய புதுக்கட்டட வீடுகள் சுமார் 213,000. தனியார் பரிசோதகர் மேற்பார்வை செய்யும் வீடுகளுட் சில முதற் கணக்கில் தவறிப்போகின்றன. இவ்விடைவெளி மறைக்கப்படவில்லை, விரைவாகப் போக்கை அறிய ஒன்று, முழுமையான தொகையை அறிய மற்றது என்று அறிக்கையே எடுத்துரைக்கின்றது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் குடிசன மதிப்போடும் ஆண்டுக் கணக்கு ஒப்புநோக்கப்படுகின்றது.

இவற்றைக் கூறும்போது உடனடியாக எழும் மறுப்பு ஒன்றுண்டு. அவை செல்வந்த நாடுகள். வறிய நாடு ஒன்று ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் உத்தியோகத்தரை அனுப்ப இயலுமா என்பதே அது. இம்மறுப்புப் பொய்யானது என்பதற்கு இலங்கையிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் கரையோரத்தை அழித்தது. சில வாரங்களுக்குள்ளேயே, 2005இன் தொடக்கத்தில், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பாதிக்கப்பட்ட ஆட்களையும் வீடுகளையும் ஏனைய கட்டடங்களையும் எண்ணுவதற்கென ஒரு விசேட தொகைமதிப்பை நடத்தியது. முற்றாக அழிந்தவை, பகுதி சேதமுற்றும் வசிக்கத் தகாதவை, பகுதி சேதமுற்றும் வசிக்கத்தக்கவை என்று வீடுகள் பகுத்து எண்ணப்பட்டன. அத்தகைய அவலத்தின் மத்தியில் இது சாத்தியமாயின், சாதாரண காலத்தில் ஏன் சாத்தியமாகாது?

இரண்டாவது சான்று போருக்குப் பிந்தியது. இந்திய அரசின் உதவியோடு 50,000 வீடுகள் அமைக்கும் திட்டம் 2010இல் அறிவிக்கப்பட்டது. வடக்குக் கிழக்கில் அதன் பெரும்பகுதி உடைமையாளர் தாமே கட்டும் முறையில், 2012 முதல் நடைபெற்றது. புதுவீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்தத்துக்கு 250,000 ரூபாவும் பயனாளியின் வங்கிக் கணக்கில் தவணையாக இடப்பட்டன. ஒரு கட்ட வேலை முடிந்ததை நேரிற் பார்த்து உறுதிப்படுத்திய பின்னரே அடுத்த தவணை விடுவிக்கப்பட்டது. அதாவது வன்னியின் காட்டோரக் கிராமங்களிலே, அத்திவாரம் முதற் கூரை வரை, ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பார்த்தவர் ஒருவர், பதிவு ஒன்று, திகதி ஒன்று இருந்தன. பணம் வீணாகாமற் காப்பதற்குச் செய்யப்பட்ட ஏற்பாடு அது, புள்ளிவிபரத்துக்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் அமெரிக்கப் பணியகம் மாதிரியெடுத்துத் தேடும் தகவல் அங்கே முழுமையாகவே கோப்புகளில் கிடந்தது. பொதுமக்களுக்குக் கிடைத்ததோ, புதுவீடும் திருத்திய வீடும் ஒன்றாகக் கலந்த அந்த ஐம்பதினாயிரம் என்ற எண்தான். கிடைத்த பணம் போதாமல் எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்துக் கூரையை முடித்தன என்பது எந்த நிரலிலும் இல்லை.

எண்ணை நாட்டின் மொத்தமாக மட்டும் கூறுவதில் அடங்கிய அநீதி இன்னொன்று. கடற்கோளின் பின்னர் அம்பாந்தோட்டையில் தேவைக்கு மிஞ்சிய வீடுகள் எழுந்தன. கிழக்குக் கரையில் மக்கள் நெடுநாள் தற்காலிகக் கொட்டில்களிற் கிடந்தனர். மொத்தத்தை மட்டும் பார்ப்போர்க்கு ஒரு கரையின் மிகை மறு கரையின் குறையை மூடிவிடும். 1981இன் பின்னர் 1991இல் குடிசன மதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது 18 மாவட்டங்களில் மட்டுமே அது முழுமையாயிற்று. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழும் முழுமையாக எண்ணப்படவில்லை. 2012இலேயே நாடு முழுவதும் மறுபடி எண்ணப்பட்டது. வீடுகள் மிகுதியாக இடிக்கப்பட்டதும் எரிக்கப்பட்டதும் ஷெல் விழுந்து சிதைந்ததும் அந்த 31 ஆண்டுகளிலேயாகும். அக்காலத்தில் இப்பிரதேசங்களைப் பற்றிக் கூறப்பட்ட எந்த வீட்டுக் கணக்கையும் ஒப்புநோக்குவதற்கு ஒரு முழுமையான தொகைமதிப்பு இருக்கவில்லை.

மலையகத்தின் நிலை வேறுவகையானது. அங்கே வீடு எண்ணப்படாமற் போவதில்லை, எண்ணப்பட்டே மறைந்துபோகின்றது. குடிசன மதிப்பின் வரைவிலக்கணப்படி சுவரால் பிரிக்கப்பட்டு, கூரையால் மூடப்பட்டு, தனி வழி கொண்ட வதிவிடம் எதுவும் ஒரு வீட்டலகு. அவ்வாறாயின் லயத்துக் காம்பரா ஒன்றும் ஒரு வீட்டலகே. அலகின் வகைகளைக் காட்டும் அட்டவணையில் அது தொடர்வீடு, லயன் அறை என்ற தனி நிரலில் வருவது உண்மை. ஆனால் மேடைக்குச் செல்வது அந்த அட்டவணையன்று, மொத்தமே. நூற்றாண்டு கடந்த ஓர் அறை, கொழும்பின் ஒரு மாளிகையோடு சேர்த்துக் கூட்டப்பட்டு, நாட்டின் வீட்டு வளமாகிவிடுகின்றது.

ஆகவே கோரப்பட வேண்டியது புதிய இயந்திரமோ வெளிநாட்டு நிபுணரோ அன்று. 2024ஆம் ஆண்டின் தொகைமதிப்பு கைக்கணினி கொண்டே நடத்தப்பட்டது, கருவிக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க வரைவிலக்கணத்தை இங்கு அப்படியே இறக்குமதி செய்வதும் பயனற்றது. சிறிது சிறிதாக வளரும் வீட்டுக்கு 'முடிந்தது' என்ற ஒரு நாளைத் தேடுவது வீண். அத்திவாரம், கூரை, குடிபுகல் என்ற மூன்று நாட்களையும் தனித்தனியே பதிவதே இந்நாட்டு வழக்குக்குப் பொருந்தும். பிரதேச சபையின் அனுமதிப் பதிவேட்டிலிருந்து ஆண்டுதோறும் ஒரு சிறு மாதிரியை எடுத்து, கிராம உத்தியோகத்தர் மூலம் அவ்வளவுகளை நேரிற் பார்த்தால், அனுமதி பெற்றவற்றுள் எத்தனை எழும்பின என்பது தெரிந்துவிடும். அனுமதியின்றி எழும்பியவற்றை அறிய ஒவ்வொரு மாவட்டத்திலும் சில கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைத் தெரிந்து தெருத்தெருவாக நடந்தால் போதும். பார்ப்பவர் கடன் வழங்கிய அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருத்தலாகாது. தன் கடனைத் தானே சாட்சி சொல்லி நிரூபிக்கும் அலுவலகத்தின் எண்ணை நம்பிக் கெட்டது போதும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் பின்னர் இக்கேள்வி மறுபடியும் வாசலுக்கு வந்திருக்கின்றது. முற்றாகச் சேதமுற்றவை, பகுதியளவில் சேதமுற்றவை என்ற இரு நிரல்கள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிக்கைகளில் இடம்பெற்றன. ஒரு வீட்டை எந்த நிரலில் எழுதுவது என்பதைப் பொறுத்தே அக்குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு அமையும். வெடித்த மண்ணின்மேல் சுவர் அசையாமல் நிற்கும் மலைச்சரிவு வீடு எந்த நிரலுக்கு உரியது? அதனைத் தீர்மானித்தவர் யார், என்ன அளவுகோல் கொண்டு, மேன்முறையீட்டின் பின்னர் எத்தனை வீடுகள் நிரல் மாறின? இனிமேல் மீளக்கட்டப்பட்ட வீடுகள் என்று அறிவிக்கப்படும் ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அத்திவார நிலையில் எத்தனை, கூரை நிலையில் எத்தனை, குடிபுகுந்தவை எத்தனை, அவை மாவட்டவாரியாக எவ்வாறு என்ற நான்கு நிரல்களும் அச்சிடப்படுகின்றனவா என்பதைப் புவியியல், பொருளியல், சமூகவியல் மாணவர் ஒவ்வொரு காலாண்டும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். நுவரெலியாவும் பதுளையும் கண்டியும் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து பஸ்ஸிற் செல்லும் தூரத்திலேயே உள்ளன.